கடைசிப் பாட்டோடு கிளம்பிவிடுகிறவள்

அன்புள்ள ஆன்ட்டி, ஸ்தோத்திரம்.

வயது 23. பாளையங்கோட்டையில் டிகிரி முடித்துவிட்டு, சென்னை துரைப்பாக்கத்தில் ஐடி வேலை பார்க்கிறேன். காலேஜில் வியாழக்கிழமை சாயங்காலம் வேப்பமரத்தடியில் பதினைந்து பேர் கூடி ஜெபிப்போம். யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். இப்போது அந்த வாட்ஸ்அப் குழுவில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும்தான் வருகிறது. 'ஜெபித்துக்கொள்ளுங்கள்' என்று போட்டால் கைகூப்பிய பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இங்கே சபைக்குப் போக ஆரம்பித்துப் பதினாலு மாதம் ஆகிறது. ஒருவரும் பெயர் கேட்கவில்லை. போன வாரம்கூட வாசலில் ஒரு அண்ணன் 'முதல் தடவையா?' என்று புதியவர்களுக்கான சீட்டை நீட்டினார். கடைசிப் பாட்டு ஆரம்பித்ததும் கிளம்பிவிடுவேன். இருந்து என்ன செய்ய? வாலிபர் கூட்டத்திலும் எல்லோரும் ஞாயிறு பள்ளியிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். வாரம் முழுக்க ஏதோ ஒரு அமெரிக்கக் காப்பீட்டுக் கம்பெனியின் சாஃப்ட்வேரில் பிழை திருத்துகிறேன். இதற்காகவா என்னைப் படைத்தார்? கடைசி வருஷ முகாமில் மிஷனரியாகப் போக யார் தயார் என்று கேட்டபோது எழுந்து நின்று, அட்டையில் கையெழுத்துப் போட்டவள்தான் நானும். மிஷனரிகளுக்கென்று தினமும் பிடி அரிசி எடுத்துவைக்கிற அம்மாவுக்கே அது தெரியாது, அது போகட்டும். கல்விக் கடன் முடிய இன்னும் நாலு வருஷம். சபையில் அன்பே இல்லை என்பதுதான் என் வருத்தம். பதினாலு மாதம், ஆன்ட்டி! வேறு சபைக்குப் போகலாமா?

அன்பு மகளுக்கு,

பதினாலு மாதமாக வருகிறவளிடம் 'முதல் தடவையா' என்று கேட்பது அந்தச் சபைக்கு வெட்கம். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப்போவதில்லை. ஆனால் 'அது போகட்டும்' என்று ஒன்றைத் தள்ளிவிட்டாயே, அதைப் போகவிட எனக்கு மனசில்லை.

கடைசிப் பாட்டோடு எழுந்து போகிறவளிடம் யார் பெயர் கேட்பது? ஆசீர்வாதம் கூறி முடித்து, வாசலில் செருப்பைத் தேடும் பத்து நிமிஷத்தில்தானே எந்தச் சபையிலும் பேச்சே தொடங்கும்? நீ அதற்குள் பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, பெயர் கேட்டுவிடுவார்களோ என்றுதான் நீ ஓடுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. பெயருக்கு அடுத்தது 'என்னம்மா பண்ணுகிறாய்?' ஐடி என்று சொல்ல வாய் திறந்தால் அந்த அட்டை ஞாபகம் வரும். சபையில் அன்பில்லை என்று சொல்வது, ஆண்டவரிடம் பொய் சொல்லிவிட்டேனோ என்று சொல்வதைவிடச் சுலபம்.

பவுலும் கூடாரம் தைத்துக்கொண்டேதான் ஊழியம் செய்தார் என்று நான் எழுதலாம். அதை நீயே உனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்திருப்பாய். வேறொன்று சொல்கிறேன். நீ படித்த அதே பாளையங்கோட்டையில் 1903-ல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியபோது முன்னின்றவர்களில் ஒருவர் வெள்ளாளன்விளை அசரியா. அப்போது அவர் ஒய்.எம்.சி.ஏ.-வில் செயலாளர் வேலையில் இருந்தார். குருப்பட்டம் பெற்று அவரே தெலுங்கு பேசும் டோர்னக்கல்லுக்கு மிஷனரியாகப் போனது 1909-ல். நடுவில் ஆறு வருஷம் அந்தச் சங்கத்து வேலையையும் பார்த்துக்கொண்டு சபையோடுதான் இருந்தார். உனக்கு நாலு வருஷம்தான், அதையும் நீ ஒளிந்து கழிக்கிறாய்.

அந்தக் கையெழுத்து செல்லுமா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். அது உண்மையான அழைப்பாக இருக்கலாம். கிட்டார் சத்தத்தில், பக்கத்தில் இருந்தவள் எழுந்தாள் என்று நீயும் எழுந்திருக்கலாம். எதுவானாலும் துரைப்பாக்கத்து அறையில் தனியாக உட்கார்ந்து கண்டுபிடிக்கிற விஷயமில்லை அது. கடனைக் கட்டுவதை மட்டும் துரோகமென்று நினைக்காதே. ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்பதும் வேதத்தில்தான் இருக்கிறது.

சபையை இப்போதைக்கு மாற்றாதே. புதுச் சபையிலும் கடைசிப் பாட்டு உண்டு. ஆசீர்வாதம் முடியும்வரை இரு, சீட்டு நீட்டிய அந்த அண்ணனிடம் நீயே போய்ப் பெயரைச் சொல். அப்புறம், அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது, அம்மா உலைக்கு அரிசி அளந்து அந்த ஒரு பிடியைத் தனியே எடுத்துவைக்கிற நேரமாகப் பார்த்து விஷயத்தைச் சொல்லிவிடு. பதறுவாளா, சிரிப்பாளா, எனக்குத் தெரியாது. என்ன சொன்னாள் என்று எழுது.