மாமியாருக்கு மூட்டுவலி, கையில் எட்டு இரவு: சீனா டூரில் எந்தத் திட்டத்தை எடுப்பது?

கேள்வி: நாங்கள் கோவையில் இருக்கிறோம். நான், கணவர், 14 வயது மகள், 9 வயது மகன், மாமனார், மாமியார் என ஆறு பேர் காலாண்டு விடுமுறையில் சீனா போக நினைக்கிறோம். முதல் தடவை என்பதால் கைடோடு போகும் டூர்தான் வேண்டும். ஒரு ஏஜென்ட் எட்டு இரவில் பெய்ஜிங், சியான், ஷாங்காய், சுஜோ, வூஷி, ஹாங்ஜோ என்று ஆறு ஊர் காட்டுகிறார். இன்னொருவர் அதே எட்டு இரவுக்கு பெய்ஜிங், சியான், ஷாங்காய் மட்டும்தான் என்கிறார்; ஆனால் ஆளுக்கு முப்பதாயிரம் ரூபாய் கூடுதல். மாமியாருக்கு 68 வயது, மூட்டுவலி, சுத்த சைவம். எதை எடுக்கலாம்?

பதில்: மூன்று ஊர்த் திட்டத்தை எடுங்கள். ஆனால் முதலில் தேதியை மாற்றுங்கள்.

அக்டோபர் 1 சீனாவின் தேசிய தினம். அன்று தொடங்கி ஒரு வாரம் நாடே லீவு. நம்மூர் காலாண்டு விடுமுறை ஏறக்குறைய அதே நாட்களின் மேல் போய் விழும். தீபாவளிக்கு முந்தின ராத்திரி பஸ் ஸ்டாண்டில் நிற்கும் கூட்டத்தை அப்படியே தூக்கிப் பெருஞ்சுவரின் படிகளில் வைத்துப் பாருங்கள். அதில் மூட்டுவலியோடு ஒருவர் ஏற வேண்டும். ரயில் டிக்கெட், ஓட்டல் எல்லாமே அந்த வாரம் விலை ஏறியிருக்கும். மே முதல் ஐந்து நாட்களும், சீனப் புத்தாண்டு வாரமும் இதே கதைதான். உங்களுக்குப் பொருந்துவது மே இரண்டாம் வாரம். பிள்ளைகளுக்கு முழு ஆண்டுத் தேர்வு முடிந்திருக்கும். இங்கே அக்னி நட்சத்திரம் கொளுத்தும்போது பெய்ஜிங்கில் காலையில் மெல்லிய ஸ்வெட்டர் தேவைப்படும், மதியம் தேவைப்படாது.

இப்போது அந்த முப்பதாயிரம். ஆறு ஊர் காட்டுகிறவர் எப்படிக் குறைவாகக் கொடுக்கிறார்? சுஜோ என்றால் பட்டு, வூஷி என்றால் முத்து, ஹாங்ஜோ என்றால் தேயிலை. பெய்ஜிங்கில் ஜேட் கல்லும் மருத்துவ மையமும். ஒவ்வொன்றிலும் ஒரு ஷோரூம், ஒவ்வொரு ஷோரூமிலும் கமிஷன். உங்கள் டிக்கெட்டில் குறைந்த பணம் அங்கே ஈடுகட்டப்படுகிறது. 2013 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சீனச் சுற்றுலாச் சட்டத்தின் 35ஆம் பிரிவு, அநியாயத்துக்குக் குறைந்த விலை காட்டி ஆள் சேர்ப்பதையும், குறிப்பிட்ட கடைக்குக் கூட்டிப்போய் ஆதாயம் பார்ப்பதையும் தடை செய்கிறது. மீறினால், டூர் முடிந்த 30 நாளுக்குள் வாங்கிய பொருளைத் திருப்பித் தரும்படி பயணி கேட்கலாம். ஆனால் பயணியே ஒப்புக்கொண்டால் கடைக்குப் போகலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அதனால்தான் உங்கள் திட்டத்தில் ‘கடை’ என்ற சொல் எங்கேயும் இருக்காது. ‘பட்டு அருங்காட்சியகம்’, ‘பாரம்பரிய மருத்துவ அனுபவம்’ என்றுதான் இருக்கும்.

பட்டுக் கடை அவ்வளவு மோசமில்லை என்பேன். கூட்டைப் பிரித்து, ஈரமான பட்டுப் பஞ்சை நாலு பேர் நாலு மூலையில் பிடித்து இழுத்து மெத்தைப் போர்வை செய்வதைக் காட்டுவார்கள். பிள்ளைகளையும் ஒரு மூலையைப் பிடிக்கச் சொல்வார்கள். அது பார்க்க வேண்டிய விஷயம்தான். நான் பயப்படுவது மருத்துவ மையத்துக்கு. எல்லோரையும் வரிசையாக உட்கார வைத்து, மூலிகை போட்ட வெந்நீர் வாளியில் காலை வைக்கச் சொல்வார்கள். நாள் முழுக்க நடந்த காலுக்கு அது சொர்க்கம். அப்போது வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் வருவார், நாடி பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் வழியாக “மூட்டு தேய்ந்திருக்கிறது” என்பார். மாமியார் நடந்து உள்ளே வந்ததைப் பார்த்தாலே யாருக்கும் தெரியக்கூடிய செய்தி அது. ஆனால் நாடியில் கண்டுபிடித்ததாக நினைத்து அவர் அசந்துபோவார். அடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று மாத மருந்துக்கான பில் மேசைமேல் இருக்கும். குழுக்களோடு போன எத்தனையோ தடவை, தாத்தா பாட்டிகள் இந்த இடத்தில் பர்ஸைத் திறப்பதைப் பார்த்திருக்கிறேன். கோவையில் இருந்துகொண்டு பணத்தைத் திரும்ப வாங்குவது நடக்கிற காரியமா? மாமனாரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். உங்கள் பேச்சைவிட அவர் பேச்சு அங்கே எடுபடும்.

மூன்று ஊர்க்காரரிடமும் இதையே கேளுங்கள்: மொத்தம் எத்தனை கடை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம்? எழுத்தில் வாங்குங்கள். கைடு, டிரைவருக்கான டிப்ஸ் விலையில் சேர்ந்திருக்கிறதா, அங்கே போய்த் தனியாகத் தர வேண்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். ஆறு பேர் என்பதால் இன்னொன்றும் கேட்டுப் பார்க்கலாம். குழுவில் சேராமல், உங்களுக்கு மட்டும் ஒரு வேனும் உள்ளூர் கைடும் என்றால் எவ்வளவு? சில நேரம் வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கும். பாட்டி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் முப்பது பேர் காத்திருக்கிறார்களே என்ற சங்கடமும் இல்லை.

திட்டத்தைப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களை விடுங்கள், இரவுகளைப் பாருங்கள். பெய்ஜிங் மூன்று, சியான் இரண்டு, ஷாங்காய் மூன்று என்று இருந்தால் நல்ல திட்டம். ஆறு ஊர்த் திட்டத்தில் ஏறக்குறைய இரவுக்கு ஒரு ஓட்டல். விடிந்தால் ஆறு பெட்டியைக் கட்டி, ஆறரைக்குச் சாப்பாடு, ஏழரைக்குப் பஸ். ஒவ்வொரு இடத்துக்கும் ‘உள்ளே போகிறோமா, வெளியில் நின்று படம் எடுக்கிறோமா?’ என்று கேளுங்கள். பாதி பெயர்கள் அதிலேயே உதிர்ந்துவிடும்.

பெய்ஜிங்கில் தடைசெய்யப்பட்ட நகரம் எனப்படும் பழைய அரண்மனை திங்கட்கிழமை மூடியிருக்கும். உங்கள் பெய்ஜிங் நாட்களில் திங்கள் எங்கே வருகிறது என்று இப்போதே பாருங்கள். 1420இல் கட்டி முடித்த அரண்மனை இது, 24 பேரரசர்கள் இருந்த இடம். தெற்கு வாசலில் நுழைந்து வடக்கு அல்லது கிழக்கு வாசலில் வெளியேற வேண்டும். அலுத்துவிட்டது என்று வந்த வழியே திரும்ப முடியாது. தியானன்மென் சதுக்கத்தின் சோதனை வரிசையில் தொடங்கினால் வெளியே வருவதற்குள் சுமார் மூன்று கிலோமீட்டர் நடை, அதில் படிகளும் உயரமான வாசற்படிகளும் உண்டு. சக்கர நாற்காலிக்கு வழி செய்ய முடியுமா என்று கைடிடம் முதல் நாளே கேளுங்கள். வேண்டாம் என்றுதான் மாமியார் சொல்வார், கேட்டு வையுங்கள்.

பெருஞ்சுவருக்கு பாதாலிங் போகிறார்களா, முத்தியான்யூ போகிறார்களா என்று பாருங்கள். இரண்டிலும் கேபிள் கார் உண்டு. எனக்கு முத்தியான்யூதான் பிடிக்கும். கூட்டம் குறைவு, சுற்றிலும் மரம். ஆனால் ஒரு சிக்கலைத் தெரிந்து போக வேண்டும். அங்கே மேலே போக இரண்டு வழி. மூடிய கேபிள் கார் 14ஆம் காவல் கோபுரத்தில் இறக்கிவிடும். திறந்த நாற்காலி லிஃப்ட் 6ஆம் கோபுரத்துக்குப் போகும். அங்கிருந்துதான் பிள்ளைகள் கேட்கப்போகும் சறுக்குவண்டி கீழே வருகிறது. இரண்டையும் நடத்துவது வேறு வேறு நிறுவனங்கள், ஒன்றின் டிக்கெட் மற்றதில் செல்லாது. 14க்கும் 6க்கும் நடுவே சுவர்மேல் நடந்துபோக ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், எல்லாம் ஏற்றமும் இறக்கமும். அதனால் பிரிந்துவிடுங்கள். மாமனார், மாமியாரோடு ஒருவர் கேபிள் காரில் போய், 14இல் சுவரைப் பார்த்து, காற்று வாங்கி, அதிலேயே இறங்கட்டும். மற்றவர்கள் பிள்ளைகளோடு நாற்காலி லிஃப்டில் ஏறி சறுக்கிக்கொண்டு வாருங்கள். எந்த டிக்கெட் சேர்ந்திருக்கிறது என்பதை ஏஜென்ட்டிடம் இப்போதே சொல்லி மாற்றிக்கொள்ளலாம். வாசலில் போய் மாற்றுவது தலைவலி.

பாஸ்போர்ட் பற்றி ஒரு வார்த்தை. அரண்மனை டிக்கெட்டும் புல்லட் ரயில் டிக்கெட்டும் பாஸ்போர்ட் எண்ணில்தான் பதிவாகும். என் குழுவில் வந்த ஒரு தாத்தா, பத்திரமாக இருக்கட்டும் என்று குடும்பத்தின் எல்லாப் பாஸ்போர்ட்டையும் ஓட்டல் லாக்கரில் பூட்டிவிட்டு அரண்மனை வாசலுக்கு வந்து நின்றார். மருமகன் டாக்சி பிடித்துப் போய் எடுத்து வருவதற்குள் குழு பாதி அரண்மனையைத் தாண்டியிருந்தது. ஆளுக்கு ஒரு கழுத்துப் பை, அவரவர் பாஸ்போர்ட் அவரவரிடம்.

பெய்ஜிங்கிலிருந்து சியானுக்கு சுமார் 1,200 கிலோமீட்டர். ரயிலைப் பொறுத்து நாலரை முதல் ஆறு மணி நேரம். விமானத்தைவிட இதுதான் மாமியாருக்கு நல்லது, எழுந்து நடக்கலாம், பெட்டிக்குப் பெட்டி வெந்நீர்க் குழாய் இருக்கும். சியானிலிருந்து ஷாங்காய்க்கு விமானத்தில் போங்கள்.

சியானில் சுடுமண் வீரர்கள். 1974இல் கிணறு வெட்டிய விவசாயிகள் கண்டெடுத்தது. சின் ஷி ஹுவாங் பேரரசரின் சமாதிக்குக் காவலாகப் புதைத்த படை. மூன்று குழிகளில் முதலாவதுதான் பெரியது, விமானக் கொட்டகை மாதிரி இருக்கும். கைடிடம் சொல்லி மூன்றாம் குழியில் தொடங்கி முதல் குழியில் முடியுங்கள், பிள்ளைகள் வாயடைத்துப்போவது கடைசியில் நடக்கட்டும். அப்புறம், ஊருக்குள் இருக்கும் பெரிய காட்டு வாத்துக் கோபுரத்தை ‘வெளியில் நின்று படம்’ கணக்கில் தள்ளிவிடப் பார்ப்பார்கள், விடாதீர்கள். உங்கள் மகள் பாடப்புத்தகத்தில் படித்த யுவான் சுவாங், காஞ்சிபுரம் வரை வந்த அதே துறவி, இந்தியாவிலிருந்து கொண்டுபோன சுவடிகளை வைக்க 652இல் எழுப்பிய கோபுரம் அது.

ஷாங்காயில் கவலைப்பட ஒன்றும் இல்லை. மாலையில் பண்ட் ஆற்றங்கரை, 632 மீட்டர் உயர ஷாங்காய் டவர், போதும்.

சாப்பாடு. இந்தியக் குழுக்களுக்குத் தினமும் இந்திய உணவகத்தில் இரவுச் சாப்பாடு போடுவார்கள். நல்லதுதான், ஆனால் பெய்ஜிங் டிராஃபிக்கில் அதற்காக ஒரு மணி நேரம் பஸ்ஸில் போகும். சீன உணவகத்தில் ‘காய்கறி’ என்று கேட்டால் மட்டும் போதாது. பீன்ஸ் வறுவலில் பன்றி இறைச்சித் துருவல் கிடக்கும், கீரையில் சிப்பி சாஸ், சூப்பில் எலும்புச் சாறு. ‘வோ ச்சீ சூ’ என்றால் நான் சைவம் சாப்பிடுபவர் என்று பொருள். இதோடு முட்டை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று கைடிடம் ஒரு அட்டையில் சீனத்தில் எழுதி வாங்கி மாமியார் பையில் வையுங்கள். காலை பஃபேயில் வெள்ளையாக இரண்டு வகை இருக்கும்: பாவ்ஸி என்றால் உள்ளே பூரணம், பெரும்பாலும் இறைச்சி, மன்தோ என்றால் வெறும் மாவு. மன்தோவும் சோயா பாலும் அவருக்கு ஒத்துவரும். வெள்ளைச் சோறு எங்கேயும் கிடைக்கும், ‘மீஃபான்’ என்று கேளுங்கள். வீட்டிலிருந்து பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் போதும். வெண்ணெய், பழங்கள், இறைச்சி வகைகளைச் சீனாவுக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால் நெய்யை விட்டுவிட்டு நல்லெண்ணெய் எடுத்துக்கொள்ளுங்கள். புத்த சைவ உணவகத்துக்குப் போனால் மீன் உருவத்தில் சோயா வரும். மாமியாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் எதுவும் ஓட்டல் வைஃபையில் திறக்காது. நம்மூர் சிம்மில் சர்வதேச ரோமிங் போட்டுக்கொண்டால் திறக்கும். கடைகளில் போனிலேயே பணம் கட்டும் அலிபே என்ற ஆப்தான் ஓடுகிறது. கோவையிலேயே அதை இறக்கி, விசா அல்லது மாஸ்டர்கார்டு ஒன்றை இணைத்து, வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வையுங்கள். ஓடிபி இங்கே வரும்போதே வேலையை முடிப்பது சுலபம். கொஞ்சம் யுவான் நோட்டும் கையில் இருக்கட்டும். 2025 ஜூன் முதல் சீன உள்நாட்டு விமானங்களில் ‘3சி’ என்ற சீனப் பாதுகாப்புச் சான்று முத்திரை இல்லாத பவர் பேங்க் ஏற்ற விடுவதில்லை. நம்மூரில் வாங்கியதில் அந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக விசா. ‘டிரான்சிட்டில் பத்து நாள் விசா வேண்டாம்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அந்தச் சலுகைப் பட்டியலில் இந்தியா இல்லை. ஏஜென்ட் குழு விசா எடுக்கிறாரா, தனித்தனி விசாவா என்று கேளுங்கள். குழு விசாவில் பட்டியலில் உள்ள எல்லோரும் ஒன்றாக நுழைந்து ஒன்றாக வெளியேற வேண்டும். வயதானவர்கள் வரும் குடும்பத்தில், நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் இரண்டு நாள் தங்க நேர்ந்தால் அது பெரிய முட்டுக்கட்டை. தனித்தனி விசா என்று எழுதி வாங்கிய பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள்.