செட்டிநாட்டு வீட்டுக்கு அலாரம்: சுவரைக் கொத்த வேண்டுமா?

காரைக்குடி பக்கம் பூர்வீக வீடு, வருஷத்தில் பத்து நாள்தான் திறக்கிறோம், அலாரம் போட வந்தவர் ஒயர் இழுக்கச் சுவரைக் கொத்தணும் என்கிறார், ஒயர்லெஸ் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து கொத்த விடாதீர்கள். கன்னத்தை வைத்தால் குளிர்கிற அந்தச் சுண்ணாம்புப் பூச்சைத் திரும்பப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் ரொம்பக் குறைவு, சிமென்ட் வைத்து அடைத்தால் ஓரமெல்லாம் விரிசல் விடும்.

கதவுகளுக்கு ஒயர்லெஸ்தான் சரி. ஆனால் சிக்னல் எட்டும் தூரம் என்று பெட்டியில் போட்டிருக்கும் 100 மீட்டர், 300 மீட்டர் எல்லாம் திறந்தவெளிக் கணக்கு. உங்கள் வீடோ ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறது, முகப்பிலிருந்து அடுப்படி வரை கனமான செங்கல் சுவர்கள் நாலைந்து குறுக்கே வரும். தேக்குக் கதவு சிக்னலை அவ்வளவாக மறிக்காது, சுவரும் இரும்புக் கம்பியும்தான் மறிக்கும். அதனால் கதவு சென்சார்களின் சிக்னலை வாங்கி அலாரத்தை இயக்கும் பேனலை முகப்பில் மாட்டாமல், வீட்டின் நடுவில் இருக்கும் வளவில், முற்றத்தைப் பார்த்த அறையில் வையுங்கள். பணம் கொடுக்கும் முன் ஒரு சென்சாரைக் கடைசிக் கட்டுக் கதவில் வைத்து, நடுவில் உள்ள எல்லாக் கதவையும் சாத்திவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். சென்சார் குறித்த நேரத்துக்கு ஒருமுறை பேனலுக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும் வகையா என்றும் கேளுங்கள். விலை குறைந்த பலவற்றில் அது இருக்காது, பேட்டரி தீர்ந்தாலும் பேனலுக்குத் தெரியாது.

அப்புறம், எண்ணெய் பூசிய பழைய தேக்கில் சென்சாரை ஒட்டும் இருபக்க டேப் நிற்காது, சித்திரை வெயிலில் கழன்று விழும். நிலையின் உள்பக்கம், வேலைப்பாடு இல்லாத இடத்தில் சின்னப் பித்தளைத் திருகு போடலாம். ஐப்பசி மழையில் கதவு ஊதும், கோடையில் சுருங்கும், கதவில் இருக்கும் காந்தத்துக்கும் நிலையில் இருக்கும் சென்சாருக்கும் இடைவெளி மாறும். கொஞ்சம் அதிக இடைவெளியிலும் வேலை செய்கிற சென்சாராகப் பார்த்து வாங்குங்கள். முற்றத்தில் அசைவைக் கண்டுபிடிக்கும் மோஷன் சென்சார் வேண்டாம், ராத்திரி வௌவாலும் பகலில் புறாவும் அதை எழுப்பிக்கொண்டே இருக்கும்.

ஒயர் தேவைப்படுவது சைரனுக்கும் பேனலின் மின்சாரத்துக்கும்தான். பழைய மரச்சட்டத்தில் மின் ஒயர் ஓடுகிறதென்றால் அதையொட்டியே கொண்டுபோகலாம். ஒயர் போட்ட சென்சாருக்குப் பேட்டரி மாற்றும் வேலை இல்லை, அந்த ஒயர்ச் சுற்றின் கடைசியில் ரெசிஸ்டர் (மின்தடை) வைத்திருந்தால் யாராவது வெட்டினாலும் உடனே காட்டிக்கொடுக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் பூட்டிக் கிடக்கும் வீட்டில் எலி ஒயரைக் கடித்தாலும் அதே சைரன்தான், வந்து பார்க்க ஆள் வேண்டுமே.

நிறையப் பேர் கோட்டை விடுவது வேறு இடத்தில். ஊருக்குக் கிளம்பும்போது மெயினை அணைத்துவிடுவோம். பேனலுக்குள் 7 ஆம்பியர்-மணி பேட்டரி இருந்து, 200 மில்லிஆம்பியர் இழுத்தால் 35 மணி நேரம், பேட்டரி பழசானால் அதுவும் இல்லை. மூன்றாம் நாள் அலாரமே உயிரோடு இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, பேனலுக்கு மட்டும் மெயினிலிருந்து தனி எம்சிபி (கோளாறு வந்தால் தானாக அணையும் சுவிட்ச்) வைத்து, மற்றதை அணைத்துவிட்டுக் கிளம்புங்கள். அலாரம் அடித்தால் முதல் அழைப்பு பெங்களூரில் இருக்கும் உங்களுக்கு வேண்டாம், சாவி வைத்திருக்கும் பக்கத்து வீட்டு ஆச்சிக்குப் போகட்டும்.