தூரிகையும் வண்ணமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ‘தி லாஸ்ட் ஆஃப் தி மொஹிகன்ஸ்’ நாவலின் 1919 பதிப்புக்கு அமெரிக்க ஓவியர் என்.சி. வையத் வரைந்த காட்டுக் காட்சி ஒன்றைப் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். மரங்களுக்கு எங்கள் ஊர் பைன் காட்டை மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா? – வாசகி, கொடைக்கானல்

பதில்: வெளிச்சத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், மரங்களுக்கு வேண்டாம். கதை நடப்பது 1757இல், இன்றைய நியூயார்க் மாநிலத்து ஜார்ஜ் ஏரிப் பக்கம். ஹெம்லாக், பைன், பிர்ச், மேப்பிள் கலந்து தானாக வளர்ந்த காடு அது. உங்கள் ஊர் பைன் மனிதர் நட்டது. கண்ட மாதிரியே வரைந்தால் ஒரே பருமனில் வரிசையாக விளக்குக் கம்பம் நட்டதுபோல் இருக்கும். இரண்டு மரங்களை நெருக்குங்கள், ஒன்றைச் சாயுங்கள், விழுந்த மரம் ஒன்றைக் குறுக்கே போடுங்கள். யூகலிப்டஸும் சீகையும் (வாட்டில் மரம்) தப்பித் தவறிக்கூட நுழையக் கூடாது, இரண்டும் ஆஸ்திரேலியாக்காரர்கள்!

பனிமூட்டத்துக்கு வெறும் வெள்ளையைப் பூசாதீர்கள். அல்ட்ராமரைன் நீலம், பர்ன்ட் அம்பர் பழுப்பு, வெள்ளை மூன்றையும் கலந்து ஒரு சாம்பல் நிறம் தயார் செய்யுங்கள். முன்வரிசை மரங்களில் அது வேண்டாம். இரண்டாம் வரிசை நிறத்தில் கால் பங்கு, மூன்றாவதில் பாதிக்கு மேல் சேருங்கள். ஈரம் இருக்கும்போதே பின்வரிசை மரங்களின் ஓரத்தை உலர்ந்த தூரிகையால் கலைத்துவிட வேண்டும்.

கேள்வி: மழைக்காலத்தில் எண்ணெய் வண்ணம் காய்வதே இல்லை. கான்வாஸின் பின்புறம் பூஞ்சை வேறு. – வாசகர், குன்னூர்

பதில்: எண்ணெய் வண்ணம் நீர் ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. குளிரில் அது மந்தமாகும். அடித்தளத்தை அம்பரில், டர்பன்டைன் விட்டு மெல்லியதாகப் போடுங்கள், சீக்கிரம் காயும். ஐவரி பிளாக், காட்மியம் சிவப்பு இரண்டும் தாமதிக்கும். அவற்றை மேல் பூச்சுக்கு வையுங்கள். எண்ணெய் கீழே குறைவாகவும் மேலே கூடுதலாகவும் இருக்க வேண்டும். மாறினால் மேல் பூச்சு முந்திக் காய்ந்து, பிறகு வெடிக்கும். கணப்பு அருகே வைப்பது பெரிய தப்பு: மேலே ஆடை கட்டிச் சுருங்கும், புகையும் படியும்.

பூஞ்சையை ஈரத்துணியால் துடைத்தால் பரவும். நன்றாக உலரவிட்டு, முகக்கவசம் அணிந்து, வெளியே வைத்து மென்மையான தூரிகையால் தட்டுங்கள். வெளிச்சுவரில் மாட்டாதீர்கள். உள்சுவரிலும் சட்டத்தின் கீழ் மூலைகளில் அரை அங்குலக் கார்க் துண்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும். குன்னூருக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் சோதனை.

கேள்வி: 30க்கு 24 அங்குலத்தில் வரைந்த படம் புத்தகத்தில் 7.5க்கு 6 ஆக வரும். நுணுக்கங்கள் தெரியுமா? – வாசகர், கோத்தகிரி

பதில்: பெரும்பாலும் தெரியாது. நாலில் ஒன்றாகச் சுருங்கும்போது 1 மில்லிமீட்டர் கோடு 0.25 ஆகிவிடும். அச்சில் படம் சிறு புள்ளிகளாகத்தான் விழும்; அங்குலத்துக்கு 150 வரிசைப் புள்ளிகள் கொண்ட ஸ்கிரீனில் ஒரு புள்ளிக்கே சுமார் 0.17 மில்லிமீட்டர் போய்விடும். வையத்தும் புத்தகப் படங்களைப் பெரிய கான்வாஸில்தான் வரைந்தார். சுருங்கிய பிறகும் அவை நிற்பது இருட்டும் வெளிச்சமும் பெரிய திட்டுகளாக இருப்பதால். உங்கள் படத்தைக் கைபேசியில் எடுத்து, கறுப்பு வெள்ளையாக்கி, தீப்பெட்டி அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். நாயகன் எங்கே என்று தேட வேண்டியிருந்தால், அவர் முதுகுக்குப் பின்னால் உள்ள பகுதியை வெளுப்பாக்குங்கள்.