கட்சி வேற, கணக்கு ஒண்ணு: கேள்வி பதில்

(ராமேஸ்வரம் தீவில் மீனவர் சங்கமொன்றில் நெடுநாள் கணக்கு எழுதியவன் நான். எதிர்க்கட்சிக்காரரோடு பொருளாதாரம் பேசுவது பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்.)

தங்கச்சிமடம்: மீன்பிடித் தடைக்கால நிவாரணத்தை "சும்மா கொடுக்கிற காசு, ஆளைச் சோம்பேறி ஆக்குது" என்கிறார் மச்சான். அவர் வேற கட்சி. என்ன சொல்வது?

முதலில் ஒரு சீட்டை எடுத்து அவர் கையாலேயே வகுக்கச் சொல்லுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். குடும்பத்துக்கு 8,000 ரூபாய். நாளுக்கு 131 ரூபாய் வரும். "இதில் சோம்பேறியாக இருக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அது குத்தல். "மீன் பெருகட்டும் என்று அரசாங்கமே படகைக் கட்டிப்போடச் சொல்கிறது. அதற்குக் கொடுப்பது தானமா, ஈடா?" என்று கேளுங்கள். "அவனவன் சேர்த்து வைக்கணும்" என்பார். அதிலும் நியாயம் இருக்கிறது. சேமிப்பு நிவாரணத் திட்டமே அப்படித்தான்: மீனவர் 1,500 கட்டினால் அரசு 3,000 போட்டு 4,500 ஆகக் கைக்கு வரும். அவர் சொல்லும் வழியும் நடப்பில் இருக்கிறது என்று நீங்களே எடுத்துச் சொன்னால், அடுத்த பேச்சில் குரல் இறங்கும்.

பாம்பன்: டீசல் விலைக்கு மத்திய அரசுதான் காரணம் என்கிறேன் நான். மாநில அரசுதான் என்கிறார் மாமனார். யார் சொல்வது சரி?

இரண்டு பேரும் பாதி. கலால் வரி மத்திய அரசுக்கு, மதிப்புக்கூட்டு வரி மாநிலத்துக்கு. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வந்தபோதும் டீசல் அதற்குள் வரவில்லை. அதைக் கொண்டுவரும் கவுன்சிலில் மாநிலங்களும் உட்கார்ந்திருக்கின்றன. மாமனாரிடம் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசுங்கள்.

கீழக்கரை: துபாயில் இருக்கும் தங்கச்சி மகனோடு வெள்ளிக்கிழமை போனில் மானியம் பற்றி சண்டை.

போனில் வேண்டாம் தாயே. ஊருக்கு வரட்டும்.

மண்டபம்: மானியமே கூடாது என்கிறவர் மானியத்தில் படகு வாங்கியிருக்கிறார். கேட்கலாமா?

நான் கேட்டேன். அதனால்தான் சொல்கிறேன், கேட்காதீர்கள். பாக் நீரிணையில் இழுவலையை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போகிறவர்களுக்கு 2017-இல் வந்த திட்டம் நினைவிருக்கும். அப்போது படகு விலை 80 லட்சம். அதில் மத்திய அரசு 50 சதவீதம், மாநில அரசு 20, வங்கிக் கடன் 20, மீனவர் பங்கு 10. அதாவது 56 லட்சம் மானியம். மானியமே கூடாது என்கிற என் சிநேகிதர் ஒருவர் அதற்கு விண்ணப்பம் எழுதிக்கொடுத்திருந்தார். டீக்கடையில் பத்துப் பேர் முன்னால் "56 லட்சம் உனக்கு மட்டும் இனிக்குதோ?" என்றேன். கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான். மானியம் நல்லதா கெட்டதா என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது, ஆளைத்தான் இழந்தேன். தனியே கூப்பிட்டு, "மீதி 24 லட்சத்தைக் கரையில் எத்தனை பேரால் புரட்ட முடியும்?" என்று கேட்டிருக்கலாம். அது எனக்கும் அவருக்கும் பொதுவான கவலை. அதற்கு அவரிடம் என்னைவிட நல்ல பதில் இருந்திருக்கும், கடலுக்குப் போகிறவர் அவர்தானே.

தேவிபட்டினம்: கடைசிவரை மாறவே இல்லை என்றால்?

மாறாமல் போகட்டும். எது எவ்வளவு என்பதை ஒட்டிய சண்டை என்றால் ரசீது தீர்த்துவைக்கும். யாருக்குக் கொடுக்க வேண்டும், யார் தாங்க வேண்டும் என்பது ரசீதில் இல்லை, வளர்ந்த வீட்டில் இருக்கிறது. எது எந்தச் சண்டை என்று தெரிந்தால், பாதி நாள் வாயைத் திறக்கவே தோன்றாது. சரி, அந்தச் சிநேகிதர் வீட்டுக் கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வந்திருக்கிறது. போகிறேன்.