வலிப்பு நோய் மாத்திரையை நரம்பு வலிக்கு ஏன் தருகிறார்கள்?

நரம்பு வலி என்பது சேதி கொண்டுபோகிற நரம்பே பழுதாகி, சும்மாவே ‘வலிக்குது, வலிக்குது’ என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது. வாசலில் ஆளே இல்லாமல் ஒயர் கோளாறால் அழைப்பு மணி அடிக்கிற மாதிரி. சர்க்கரை நோயில் பாதம் எரிவது, அக்கி ஆறிய பிறகும் போர்வை பட்டாலே சுரீரென்பது எல்லாம் இந்த ரகம். வழக்கமான வலி மாத்திரையான இபுப்ரோஃபென் வேலை செய்வது, வீக்கத்தில் சுரந்து வலியைக் கூட்டும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளைக் குறைத்துத்தான்; இங்கே கோளாறு நரம்பில் இருப்பதால் அதை விழுங்கிப் பெரிய பலன் இல்லை. வலிப்பு நோய் மாத்திரைகளான கேபபென்டினும் பிரீகேபலினும் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவதை மட்டுப்படுத்தி, அடுத்த நரம்புக்குச் சேதி கொட்டுவதைக் குறைக்கின்றன. வலிப்பிலும் சிக்கல் இதே மாதிரி நரம்புகள் அளவுக்கு மீறித் துடிப்பதுதானே! தொடக்கத்தில் தூக்கமும் கிறுகிறுப்பும் வரலாம்.

அப்புறம், மருந்துச் சீட்டில் இந்த மாத்திரைகளின் பெயரைப் பார்த்துத் தனக்கு வலிப்பு நோய் என்று பலர் பயந்துவிடுகிறார்கள். அப்படியில்லை, ஆனால் யாராக இருந்தாலும் மருத்துவரைக் கேட்டுப் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும்.