ஒற்றைத் தலைவலியைத் தூண்டுவது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உணவுகளை நிறுத்தத் தொடங்கும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். வலி வந்த நேரம், அதற்கு முந்தைய 24 மணி நேரத்தில் சாப்பிட்டது, தூங்கியது, வெயிலில் அலைந்தது, மாதவிலக்கு நாள் எல்லாவற்றையும் இரண்டு மூன்று மாதம் எழுதி வாருங்கள்.

என் நோட்டில் அகப்பட்டது சாக்லேட் அல்ல. விரத நாள்களும், ஞாயிறு பத்து மணிவரை தூங்கியதால் தள்ளிப்போன காலைக் காபியும்தான். இனிப்பின் மேல் திடீரென எழும் ஆசையே சிலருக்கு வலியின் முன்னறிகுறி. ஆகவே சாக்லேட்டின் மேல் அவசரப்பட்டுப் பழி போடாதீர்கள்.

சந்தேகப்படும் பொருளை ஒவ்வொன்றாக, சில வாரம் மட்டும் விலக்கிப் பாருங்கள். காபியைச் சட்டென்று விட்டால் அதுவே தலைவலி தரும், படிப்படியாகக் குறையுங்கள். மாத்திரை போட்ட நாள்களையும் குறியுங்கள். மாதத்தில் 10 நாள் வலி மாத்திரை தேவைப்பட்டால், அந்த நோட்டுடன் மருத்துவரிடம் போங்கள்.