நெளிவு குறைந்தால் வலி குறைந்ததா? மூலிகை வலிநீக்கச் சோதனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அசிட்டிக் அமில நெளிவுச் சோதனையில் எங்கள் இலைச்சாரம், கிலோவுக்கு 400 மி.கி. அளவில், நெளிவுகளைப் பாதிக்கும் மேலாகக் குறைத்திருக்கிறது. இதை வைத்து 'வலிநீக்கி' என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (மருந்தியல் முதுகலை மாணவி, திருச்சி)

இப்போதைக்கு எழுத வேண்டாம். அந்தச் சோதனையில் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை நினைத்துப் பாருங்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் சுண்டெலியின் வயிற்றறைக்குள் செலுத்திய சில நிமிடங்களில் அதன் வயிறு உள்ளிழுத்துச் சுருங்குகிறது, உடல் நீள்கிறது, பின்னங்கால்கள் விறைத்துப் பின்னோக்கி நீட்டிக்கொள்கின்றன. இருபது, முப்பது நிமிடங்களுக்கு நாம் எண்ணுவது இந்த அசைவைத்தான். வலி குறைந்தால் அசைவு குறையும் என்பது உண்மைதான். ஆனால் சுண்டெலிக்குத் தூக்கம் வந்தாலும், தசை தளர்ந்தாலும், சாரத்தின் நச்சினால் சோர்ந்து கிடந்தாலும் அதே அசைவு அதே அளவுக்குக் குறையும்.

எங்கள் ஆய்வகத்திலேயே இந்தத் தவற்றைச் செய்திருக்கிறோம். ஒரு வேர்ச்சாரம் நெளிவுகளை ஏறத்தாழ முழுவதுமாக நிறுத்திவிட்டதைக் கண்டு மகிழ்ந்து, கட்டுரையின் முதல் வரைவைக்கூட எழுதிவிட்டோம். பிறகு அதே அளவு கொடுத்த சுண்டெலிகளைச் சுழலும் உருளையின்மேல் ஏற்றியபோது, ஒரு நிமிடம்கூட நிற்க முடியாமல் அவை ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தன. நாங்கள் கண்டது வலிநீக்கம் அன்று, மயக்கம். ரோட்டரோடு என்று நாம் சொல்லும் அந்த உருளைச் சோதனையை அன்றிலிருந்து முதலிலேயே செய்துவிடுகிறோம். நீங்களும் அப்படிச் செய்யுங்கள்.

அதில் தேறினால், 1977இல் டூபுய்சோனும் டென்னிஸும் அறிமுகப்படுத்திய ஃபார்மலின் சோதனைக்குச் செல்லுங்கள். பாதத்தில் ஃபார்மலின் செலுத்திய முதல் ஐந்து நிமிடங்களில் எலி பாதத்தை நக்குவது நரம்பு நேரடியாகத் தூண்டப்படுவதாலும், சற்று அடங்கி மறுபடியும் பதினைந்து முதல் முப்பது நிமிடம் வரை நக்குவது பெரும்பாலும் அழற்சியாலும் ஏற்படுகின்றன. மார்ஃபின் இரண்டு கட்டங்களையும் அடக்கும். ஆஸ்பிரின் வகை மருந்துகள் முக்கியமாக இரண்டாவது கட்டத்தைத்தான் அடக்கும். ஆகவே உங்கள் சாரம் எந்தக் கட்டத்தில் வேலை செய்கிறது என்பது, அது எந்த வழியில் வேலை செய்கிறது என்பதற்கு முதல் தடயம். மார்ஃபினின் வழியென்று தோன்றினால், மார்ஃபினின் செயலைத் தடுக்கும் நலாக்சோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பாருங்கள். அதனால் விளைவு மறைந்தால் ஐயத்துக்கு வலுவான ஆதாரம் கிடைக்கும்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன்: எந்தக் கூண்டுக்கு எதைக் கொடுத்தோம் என்று தெரிந்தவர் நெளிவுகளை எண்ணக்கூடாது. அரைகுறை நெளிவு ஒன்றைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா என்று கண் தடுமாறும் இடத்தில் நம் ஆசை முந்திக்கொள்ளும்.

கேள்வி: சூட்டுத்தட்டுச் சோதனையில் எங்கள் சாரத்துக்கு எந்த விளைவும் இல்லை. ஆய்வு தோற்றுவிட்டதா?

இல்லை. 1944இல் வுல்ஃப், மெக்டொனால்டு ஆகியோர் விவரித்த இச்சோதனையில், ஏறத்தாழ 55 டிகிரி செல்சியஸ் சூட்டில் எலி பாதத்தை நக்குவதற்கோ குதிப்பதற்கோ ஆகும் நொடிகளைக் கணக்கிடுகிறோம். ஓபியம் வகை மருந்துகளை இது நன்றாகக் காட்டும், ஆஸ்பிரின் வகை மருந்துகளைப் பெரும்பாலும் காட்டாது. எனவே இதில் விளைவு இல்லாததையும் மறைக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுத்தால் என் நோயாளிகளுக்கு மூட்டுவலி தணிகிறது. கல்லூரி ஒன்றில் சோதித்த மெத்தனால் சாரத்தில் பலன் இல்லை என்கிறார்கள். எதை நம்புவது? (சித்த மருத்துவர், நாகர்கோவில்)

ஐயா, இரண்டையும் நம்பலாம், ஏனெனில் இரண்டு இடத்திலும் சோதிக்கப்பட்ட பொருள் ஒன்றல்ல. நொச்சியைக் கையில் கசக்கியதும் மூக்கைத் தொடும் அந்தக் காரமான வாசனை எளிதில் ஆவியாகும் எண்ணெய்களால் வருவது. இலையைச் சூட்டடுப்பில் உலர்த்தி, மெத்தனாலில் மணிக்கணக்கில் கொதிக்கவைத்து, பிறகு கரைப்பானை வடித்தெடுக்கும்போது அந்த எண்ணெயின் பெரும்பகுதி போய்விடும். மிஞ்சும் கரும்பச்சைப் பிசினை எலிக்கு வாய்வழியாகக் கொடுத்துவிட்டு, தோலின்மேல் வைக்கும் ஒத்தடத்தைச் சோதித்ததாகச் சொல்வது நியாயமில்லை. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய பச்சை இலையின் நீர்ச்சாரத்தை எடுத்துக்கொண்டு, எலிகளில் வலியும் வீக்கமும் குறைவதைக் காட்டினார்கள். மக்கள் பயன்படுத்தும் வடிவத்துக்கு அருகில் நின்று செய்த சோதனை என்பதால் அதை மதிக்கிறேன்.

அதே வேளையில் உங்களிடமும் ஒரு கேள்வி உண்டு. வலி தணிந்தது நொச்சியாலா, சூட்டாலா, ஆதரவாகத் தொட்ட கையாலா? வெறும் சூடே வலியைக் குறைக்கும். ஆகவே ஒரு பிரிவினருக்கு நொச்சி முடிச்சும், மறுபிரிவினருக்கு அதே சூட்டில் தவிட்டு முடிச்சும் கொடுத்து, வலியின் அளவை 100 மில்லிமீட்டர் கோட்டில் (ஒரு முனை வலியே இல்லை, மறுமுனை தாங்க முடியாத வலி) அவர்களையே குறிக்கச் சொல்லலாம். வாசனை காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், தவிட்டுடன் வேறொரு மணமுள்ள இலையைச் சேர்ப்பது நல்லது. முறையான நெறிக்குழு அனுமதியுடன் உங்கள் மருத்துவமனையிலேயே செய்யக்கூடிய ஆய்வு இது.

மூலிகையை மனிதரிடம் இப்படி முறையாகச் சோதித்ததற்கு வில்லோ மரப்பட்டை நல்ல உதாரணம். 2000இல் வெளியான ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி தீவிரமான 210 பேரிடம் நான்கு வாரம் சோதித்தார்கள். இறுதி வாரத்தில் குறைந்தது ஐந்து நாள் வலியின்றி இருந்தவர்கள், பட்டையிலுள்ள சாலிசின் என்ற வேதிப்பொருளை நாளொன்றுக்கு 240 மி.கி. பெற்றோரில் 39 விழுக்காடு, 120 மி.கி. பெற்றோரில் 21 விழுக்காடு, போலி மருந்து பெற்றோரில் 6 விழுக்காடு.

கேள்வி: சுண்டெலிக்குக் கிலோவுக்கு 400 மி.கி. என்றால், 60 கிலோ எடையுள்ள நான் முடக்கத்தான் சாரத்தை 24 கிராம் சாப்பிட வேண்டுமா?

வேண்டாம். சிறிய உயிர்களில் மருந்து விரைவாகச் செலவாகிறது. உடற்பரப்பை அடிப்படையாகக் கொண்டு மாற்றும்போது, சுண்டெலியின் அளவை 12.3ஆல் வகுக்கிறோம். 400 மி.கி. என்பது கிலோவுக்கு ஏறத்தாழ 32.5 மி.கி. ஆகும், 60 கிலோவுக்குச் சற்றே குறைய 2 கிராம் சாரம். நூறு கிராம் உலர் இலையில் பத்து கிராம் சாரம் கிடைப்பதாகக் கொண்டால், அது 20 கிராம் உலர் இலைக்குச் சமம். இந்தக் கணக்கும் ஆய்வைத் திட்டமிடுவோருக்கு உரியதே தவிர, வீட்டில் அளந்து விழுங்குவதற்கு அன்று. தோசை மாவில் அரைத்துச் சேர்க்கும் ஒரு கைப்பிடி முடக்கத்தான் உணவு. அதைத் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி: செயற்கையாகத் தயாரிக்கும் வலிநிவாரணியான டிராமடால் ஒரு செடியிலேயே இயற்கையாக இருக்கிறது என்று படித்தேன். உண்மையா?

இந்தக் கதையை என் மாணவர்கள் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடுவேன். கேமரூனில் வலிக்குப் பயன்படும் நௌக்ளியா லாட்டிஃபோலியா என்ற மரம், நம் கடம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் வேர்ப்பட்டையில் டிராமடால் இருப்பதாக 2013இல் அறிவித்தார்கள். வேதியியல் பகுப்பாய்வில் பிழை இல்லை, பட்டையில் அது இருக்கத்தான் செய்தது. ஆனால் அடுத்த ஆண்டு ஜெர்மனியின் டார்ட்மண்டிலிருந்து வந்த ஆய்வு, கேமரூனின் வடபகுதியில் வேறு செடிகளிலும் மண்ணிலும் நீரிலும் அது இருப்பதைக் காட்டியது. விலங்கின் உடலில் டிராமடால் சிதையும்போது உண்டாகும் பொருள்களும் உடன் கிடைத்தன. அங்கே உழவர்கள் கடும் வெயிலில் உழைப்பதற்காக மாத்திரையைத் தாங்களும் உண்டு, மாடுகளுக்கும் கொடுத்துவந்தார்கள். சிறுநீர், சாணம் வழியாக மண்ணில் சேர்ந்ததை வேர் உறிஞ்சியிருந்தது. விவாதம் அத்துடன் ஓயவில்லை. 2016இல், ஒரு பொருளிலுள்ள கரிமம் எவ்வளவு பழையது என்று கணிக்கும் கதிர்க்கரிம அளவீடு, அந்த டிராமடால் பெட்ரோலிய மூலப்பொருளிலிருந்து செய்யப்பட்டது என்று காட்டியது.

அதனால்தான் செடியை ஒரே இடத்தில் பறிக்காமல் தொலைவான மூன்று நான்கு இடங்களிலிருந்து சேகரிக்கச் சொல்கிறேன். அடையாள மாதிரியை, உலர்த்திய செடிகளைச் சேமித்துவைக்கும் திருச்சி ராபினாட் உலர்தாவரகம் போன்ற ஓரிடத்தில் ஒப்படைத்து, அதன் எண்ணை ஆய்வேட்டில் குறிப்பிடுங்கள்.

கேள்வி: விலங்குகளை வதைக்காமல் இதைச் செய்ய முடியாதா?

ஓரளவு முடியும். அழற்சிக்குக் காரணமான சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைச் சாரம் தடுக்கிறதா என்று சோதனைக்குழாயிலேயே பார்த்து, பயனற்றவற்றை அங்கேயே கழித்துவிடலாம். ஆனால் நொதிக்கு வலி தெரியாது. மிஞ்சும் சோதனைகளுக்கு நிறுவன விலங்கு நெறிக்குழுவின் அனுமதி கட்டாயம். சூட்டுத்தட்டில் எலி அசையாவிட்டாலும், முன்பே வரையறுத்த சில நொடிகளில் எடுத்துவிட வேண்டும் என்ற விதி திசு கருகாமல் காப்பதற்காகவே உள்ளது. அதை மீறும் மாணவரை நான் ஆய்வகத்தில் அனுமதிப்பதில்லை.

கேள்வி: அம்மாவுக்கு ஒருவர் கொடுத்த மூலிகைப் பொடி, இரண்டே மணி நேரத்தில் முழங்கால் வலியை நிறுத்துகிறது. இவ்வளவு சக்தியுள்ள மூலிகை எது? (மதுரை)

எனக்கு அச்சமாக இருக்கிறது. இத்தகைய பொடிகளில் டெக்ஸாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டுகளும் டைக்ளோஃபெனாக் போன்ற வலிநிவாரணிகளும் கலந்திருப்பது பலமுறை கண்டறியப்பட்டுள்ளது. அம்மாவுக்கு முகம் உப்பியிருக்கிறதா, சர்க்கரை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பல வாரங்களாகச் சாப்பிட்டிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். உடல் தானே சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருந்தால் அதுவே ஆபத்தாக முடியும். மிச்சமுள்ள பொடியைப் பொட்டலத்துடன் எடுத்துக்கொண்டு, எத்தனை நாளாக, எவ்வளவு சாப்பிட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி, நாளைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.